கல்வெட்டைப் படியெடுத்துவிட்டுத் திருப்பணியைத் தொடங்குங்கள்

கோயில் திருப்பணிகளுக்கு ஒப்புதல் வழங்கும் உயர் அலுவலர்களுக்கும் திருப்பணிக் குழுவினருக்கும்,

வணக்கம்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் குடமுழுக்கு நல்லபடியாக நடந்து முடிந்தது. விமானத்தில் முளைத்திருந்த அரசமரம் போனது, நெடுங்காலமாக ஒழுகிக்கொண்டிருந்த மகாமண்டபம் ஒழுகாமல் நிற்கிறது. உழைத்தவர்களுக்கும் பொருள் கொடுத்தவர்களுக்கும் ஊர் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. திருப்பணியின்போது கோயிலின் பழமைக்கு நேர்ந்த சேதங்கள் உங்களுக்குத் தெரியும். அவற்றைப் பற்றி ஊரார் கையெழுத்திட்ட மனு உங்கள் மேசைக்கு வந்தது, பதில்தான் வரவில்லை. ஆகவே எல்லாவற்றையும் திரும்ப எழுதவில்லை. ஒரு சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தட்சிணாமூர்த்தி இருக்கும் கோட்டத்துக்கு (சுவர் மாடத்துக்கு)க் கிழக்கே, கருவறையை அடுத்த அர்த்தமண்டபத்தின் தெற்குச் சுவரில் ஒரு சோழர் காலக் கல்வெட்டு இருந்தது. இக்கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்காக 96 ஆடுகள் கொடுத்த பெண்ணைப் பற்றியது. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு என்ற பழைய அளவில் நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது என்பதால் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும் என்று முடித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை அங்கே நிறுத்தி, எழுத்தின் பள்ளத்தில் விரலை ஓடவிட்டு ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடிக்கச் சொல்வேன். 'ஆடு' என்ற சொல் பிடிபட்டதும் அவர்கள் போடும் கூச்சலில் குருக்கள் வந்து அதட்டுவார்.

எண்ணெய்ப் பிசுக்குப் போகவேண்டும் என்று அந்தச் சுவரை இயந்திரச் சக்கரத்தால் தேய்த்தார்கள். பிசுக்குப் போனது, எழுத்தும் போனது. மேலே 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற மங்கலத் தொடக்கமும், கடைசி வரியில் 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' (இது சிவனடியார்களின் காவலில்) என்பதில் பாதியும் மிஞ்சியிருக்கின்றன. நடுவே வழவழப்பான வெற்றுக் கல். அந்த வெற்றிடத்தில் நான்கு மூலையிலும் துளையிட்டு, திருப்பணிக்கு உபயம் செய்தவர்களின் பெயர்ப்பலகையைத் திருகியிருக்கிறார்கள். கொடுத்தவர்களின் பெயர் நிற்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன், தான் கொடுத்ததோடு தன் அக்கன் (அக்காள்) கொடுத்ததையும், பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்துக் கல்லிலே வெட்டச் சொன்னான். ஆனால் இப்போது கொடுத்தவரின் பெயரைப் போட, ஆயிரம் ஆண்டுக்கு முன் கொடுத்தவளின் பெயரை அழிக்கவேண்டுமா?

அந்தக் கல்வெட்டுக்கு மைப்படி, அதாவது மையால் தாளில் ஒற்றியெடுத்த நகல், கிடையாது. ஊரில் ஒருவரின் அலைபேசியில் மங்கலான படம் ஒன்று இருக்கிறது. பாதி வரிகள் அதில் இல்லை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

படியெடுப்பது பெரிய வேலையா? கல்லை நீரால் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மையை ஒற்றி எடுக்கவேண்டும். தெரிந்தவர்கள் இருவர் வந்தால் ஒரு சிறு கோயிலைச் சில நாளில் முடித்துவிடுவார்கள். யாகசாலைப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு மூலை கூட ஆகாது. அதனால்தான் கேட்கிறேன்: கல்வெட்டுகளைப் படியெடுக்காமல் எந்தக் கோயிலிலும் திருப்பணியைத் தொடங்க ஒப்புதல் தராதீர்கள்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த வழக்கமும் அல்ல. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் பழைய கோயில்களைக் கற்றளிகளாக (கற்கோயில்களாக) எடுப்பித்தபோது, திருக்கோடிக்காவலில் பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படித்து, புதிய சுவரில் மறுபடியும் வெட்டச் செய்தார். 'இதுவும் ஒரு பழங்கற்படி' (பழைய கல்லிலிருந்து எடுத்த நகல்) என்ற குறிப்பையும் சேர்த்து வெட்டினார்கள். இது தமக்கு முன் கொடுத்தவர்களின் சொல், தம்முடையது அல்ல என்று வருங்காலத்துக்குத் தெரியவேண்டும் என்ற நேர்மை அது. உளியும் சுத்தியலும் மட்டுமே இருந்த காலத்தில் அதைச் செய்தார்கள். கையில் கேமராவும் கணினியும் இருக்கும் நாம் செய்யவில்லை.

சட்டம் இல்லை, வழிகாட்டுதல் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015ஆம் ஆண்டு நாளிதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக வழக்காக எடுத்துக்கொண்டு, 2021 ஜூன் 7 அன்று கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. எங்கள் ஊரில் வேலை நடந்தது அதற்குப் பிறகுதான். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைத் துலக்கும் மணல்வீச்சுக் கூடாது என்றதும், அதற்குப் பதிலாகத் தேய்க்கும் சக்கரம் வந்தது. கல்லின் மேல்தோலை உரிப்பதில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பிரகாரத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. கான்கிரீட் போட்டு, அதன்மேல் சலவைக்கல் பாவி, தரையை உயர்த்திவிட்டார்கள். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில், கீழ் அடுக்கான ஜகதி முழுவதும் புதைந்தது, அதற்கு மேலுள்ள குமுதத்தில் பாதி புதைந்தது. அங்கும் எழுத்துகள் இருந்தன. இப்போது மழை பெய்தால் தண்ணீர் கருவறைச் சுவரை நோக்கி ஓடுகிறது. பக்கத்து ஊர்களில் ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், சுதைச் சிற்பத்துக்கு எனாமல் பெயின்ட் பூசியிருக்கிறார்கள், பழைய தேக்குக் கதவை விறகு விலைக்குத் தள்ளியிருக்கிறார்கள். தஞ்சையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல்தான் வெளிப்பட்டது. சுண்ணாம்பு அடிக்கும் முன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டாமா?

வெறும் பழம்பெருமைக்காக நான் இதைக் கேட்கவில்லை. கோயில் நிலத்தின் நான்கெல்லையும், இறையிலியாக (வரியில்லாமல்) விட்ட குளமும் வாய்க்காலும் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. தூசி படிந்திருக்கிறது என்று யாராவது கிரயப் பத்திரத்தின் எழுத்தைச் சுரண்டுவார்களா? கோயில் நிலத்தை மீட்கவேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். நிலத்துக்கான சான்றை நம் கையாலேயே அழிக்கிறோம். உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் தப்பியதால் குடவோலை முறையைத் தெரிந்துகொண்டோம். திருமுக்கூடலில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு தப்பியதால், அந்தக் கோயிலில் 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை இருந்தது என்று தெரிகிறது. அந்தச் சுவர்களை இப்படித் தேய்த்திருந்தால்?

கோபமாக எழுதிவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். கோபம் இருப்பது உண்மைதான். ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். திருப்பணிக்கு முன் இறைவனைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயத்துக்கு நாள் குறிக்கும் முன் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். அவர் படியெடுத்து, படித்து, ஊரார் பார்க்கும்படி வெளியிட்ட பிறகு ஒப்பந்தக்காரர் உள்ளே வரட்டும். சுவரைக் கழுவ நீரும் மென்மையான தூரிகையும் போதும் என்பதை ஒப்புதல் ஆணையிலேயே எழுதுங்கள். பெயர்ப்பலகைக்கு மதிற்சுவரில் இடம் கொடுங்கள்.

அடுத்த ஊர்ப் பெருமாள் கோயிலில் தை மாதம் பாலாலயம் என்று பேசிக்கொள்கிறார்கள். அதன் வடக்குச் சுவர் முழுவதும் எழுத்து; இன்றுவரை ஒருவரும் படியெடுக்கவில்லை. சாரம் கட்டும் முன் அங்கே ஆள் அனுப்புவீர்களா என்பதை மட்டுமாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தெற்கு வீதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்