சூடான கல் மசாஜ்: வெப்பமானியும் சில கேள்விகளும் கட்டாயம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டுத் தங்கும் விடுதிகளில் பரவிவரும் சூடான கல் மசாஜைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விடுமுறைக்கு மலையேறும் குடும்பங்கள் பலவும் அதைப் படித்திருக்கும் என்பதால், சேலத்தில் பல ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை அளித்து வருபவள் என்ற முறையில் சில செய்திகளை எடுத்துச் சொல்வது என் கடமை எனக் கருதுகிறேன். அந்த மசாஜால் நன்மை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நன்மை முழுவதும் அளந்து வைத்த சூட்டிலும், படுத்திருப்பவரின் உடல்நிலையைக் கேட்டறிந்து வைக்கும் கையிலும்தான் இருக்கிறது என்பதும், இவ்விரண்டும் இல்லாத இடத்தில் அதே கல் தோலைப் பொசுக்கிவிடும் என்பதும் கட்டுரையில் விடுபட்டுவிட்டன.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகிய பசால்ட் என்னும் கருநிறக் கல்லில், நீரோட்டம் உருட்டி வழவழப்பாக்கிய துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, மின்சாரத்தில் சூடேறும் நீர்த்தொட்டியில் ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். தொட்டியிலிருந்து எடுத்த கல்லைத் துண்டில் துடைத்து, எண்ணெய் தடவிய முதுகில், முதுகெலும்பின் மேல் படாமல் அதன் இருபுறமும் உள்ள தசையின் மீது இடுப்பிலிருந்து தோள்வரை நீளவாக்கில் ஓட்டுகிறார்கள். கல் ஆறியதும் அதைத் தொட்டியில் இட்டு, அடுத்ததை எடுக்கிறார்கள். பெரிய கற்கள் முதுகுக்கும் தொடைக்கும், சிறியவை கழுத்துக்கும் கால்விரல் இடுக்குகளுக்கும் பயன்படுகின்றன. பல நாடுகளில் மக்கள் தொன்றுதொட்டே சுட்ட கல்லால் உடம்புக்குச் சூடு காட்டி வந்திருக்கிறார்கள் என்றாலும், இன்று விடுதிகளில் நாம் காணும் வடிவம் 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசன் நகரில் மேரி நெல்சன் என்பவர் வகுத்த முறையிலிருந்து பரவியது. ஆகவே விளம்பரப் பலகைகளில் எழுதியிருப்பதுபோல் இதை அப்படியே ஐயாயிரம் ஆண்டு மரபு என்று சொல்வது பொருந்தாது.

இதனால் யாருக்குப் பயன்? என்னிடம் வருபவர்களை வைத்துச் சொல்கிறேன். அம்மாபேட்டையில் தறிக்குழியில் கால்களை இறக்கி, நாள் முழுவதும் மிதித்தும் இழுத்தும் நெய்பவர்களுக்கு இடுப்பும் தோளும் இறுகிப்போகின்றன. செவ்வாய்ப்பேட்டையில் சம்மணமிட்டுக் குனிந்து கொலுசுக்குப் பற்றவைக்கும் வெள்ளித் தொழிலாளர்களுக்குப் பிடரியிலிருந்து தோள்பட்டை வரை கயிறு முறுக்கியதுபோல் தசை திரண்டு நிற்கும். "கழுத்து புடிச்சிக்கிச்சுங்க, திரும்பவே முடியல" என்று சொல்லி, தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவார்கள். இப்படி வேலையால் இறுகிய தசைக்குச் சூடு நல்லது. சூடு பட்ட இடத்தில் இரத்த நாளங்கள் விரிகின்றன, இரத்த ஓட்டம் கூடுகிறது, தசையின் விறைப்பு தளர்கிறது, வலியை உணர்த்தும் நரம்புகளின் வேகமும் சற்று மட்டுப்படுகிறது. தசை ஏற்கெனவே இளகியிருப்பதால், மசாஜ் செய்பவர் பெருவிரலை ஊன்றி அழுத்த வேண்டிய தேவை குறைகிறது. அழுத்தினால் துடித்துப்போகும் இடங்களிலும் மெதுவாக வேலை செய்ய முடிகிறது. நான் கண்டவரையில் சூடான கல்லின் உண்மையான சிறப்பு இதுதான்.

இதற்கு மேல் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதிலும் நிதானம் வேண்டும். இடுப்புவலிக்கு மேலோட்டமான சூட்டின் பயனை ஆராய்ந்து 2006-இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, வலி தொடங்கி மூன்று மாதங்களுக்கு உட்பட்டவர்களுக்குச் சூட்டுப் பட்டையால் சிறிதளவு, குறுகிய காலத்துக்கு நிவாரணம் கிடைக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. சிறிதளவு, குறுகிய காலம் ஆகிய இரண்டு சொற்களையும் நான் என் நோயாளிகளிடம் அழுத்திச் சொல்வதுண்டு. மசாஜ் முடித்து எழுந்ததும் உடம்பு லேசாகி, அன்றிரவு நல்ல தூக்கம் வரும். மன இறுக்கம் தளரும். இது பெரிய பேறுதான். ஆனால் தறியில் உட்காரும் முறையை மாற்றாமல், முதுகுத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைச் செய்யாமல் இருந்தால், அடுத்த வாரமே வலி திரும்பிவிடும். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு விலகி நரம்பை அழுத்துவதால் காலில் மரமரப்பு வந்தவர், கல் வைத்தால் சரியாகும் என்று நாளைக் கடத்துவது ஆபத்து.

கட்டுரையில் எரிமலைக் கல்லின் காந்த ஆற்றல் உடலின் நச்சுகளை உறிஞ்சி எடுக்கிறது என்று விடுதிக்காரர் ஒருவர் கூறியதாக எழுதப்பட்டிருந்தது. இரத்தத்திலுள்ள கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. முதுகில் ஓட்டும் கல் செய்வதில்லை. பசால்ட்டில் இரும்பும் மக்னீசியமும் மிகுதியாக இருப்பது உண்மை, ஆனால் அவை தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை. சூட்டைத் தாங்கி வைத்திருக்கும் திறனை எடுத்துக்கொண்டால், பசால்ட்டுக்கும் சாதாரண கிரானைட்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இன்னும் சொல்லப்போனால், எடைக்கு எடை பார்த்தால் தண்ணீர் கல்லைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பத்தைத் தாங்கும். வீட்டில் இருக்கும் வெந்நீர்ப் பை அதனால்தான் அவ்வளவு நேரம் சூடாக இருக்கிறது. கல்லுக்கு உள்ள வசதி அதன் வழவழப்பும், கைக்கு அடங்கும் வடிவமும், தோளின் வளைவில் பொருந்தி ஓடும் கனமும்தான். ஏற்காடு அமைந்துள்ள நம் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனது, எரிமலைக் கல்லால் ஆனதன்று. அதைக் கேட்டு எவரும் மனக்குறைப்பட வேண்டியதில்லை, கல்லின் பிறப்பிடம் நோயைத் தீர்ப்பதில்லை. அதே வேளையில், ஓடையில் பொறுக்கிய கல்லை நேரே அடுப்பில் இட்டுச் சுடுவதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். நுண்துளைகளில் ஈரம் தங்கியுள்ள கல் நெருப்பில் வெடித்துச் சிதறக்கூடும்.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். தோல் எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்தில் வெந்துபோகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-லேயே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். சூடு இடைவிடாமல் பட்டுக்கொண்டிருந்தால், 60 டிகிரியில் சுமார் ஐந்து நொடிகளிலும், 55 டிகிரியில் சுமார் அரை நிமிடத்திலும், 49 டிகிரியில் சுமார் பத்து நிமிடங்களிலும் புண் உண்டாகிவிடும். 55 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் தொட்டுச் சொல்ல எவராலும் இயலாது. அதிலும் காலையிலிருந்து வெந்நீரில் கைவிட்டுக் கல் எடுத்துக்கொண்டிருப்பவரின் உள்ளங்கை சூட்டுக்குப் பழகி மரத்துவிடுகிறது. மாலையில் அவருக்கு இதமாகத் தெரியும் கல், படுத்திருப்பவருக்குச் சுடும். எனவே தொட்டியில் வெப்பமானி இருந்தே ஆக வேண்டும். சில இடங்களில் சோறு வடிக்கும் மின்குக்கரிலும், அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்திலும் கல்லைப் போட்டு வைத்திருப்பதைக் கேள்விப்படும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது.

சூட்டின் அளவோடு, கல் அசைகிறதா, நிற்கிறதா என்பதும் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் கல் ஓரிடத்தில் ஒரு கணம் மட்டுமே தங்குகிறது. தோலில் ஏறிய சூட்டை இரத்தம் ஏந்திச் சென்று உடல் முழுவதும் பரப்பிவிடுகிறது. அதே கல்லை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் சூடு அங்கேயே சேர்கிறது. ஆகவே நிறுத்தி வைக்கும் கல்லுக்கும் தோலுக்கும் இடையில் மடித்த துண்டு இருக்க வேண்டும். அதையும் அவ்வப்போது தூக்கித் தோலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் கேடானது கற்களை வரிசையாக அடுக்கி அவற்றின் மேல் மல்லாந்து படுக்கச் செய்வது. உடம்பின் பாரம் அழுத்துவதால் அந்த இடத்தில் இரத்த ஓட்டமே குறைந்துவிடுகிறது. சூட்டை எடுத்துச் செல்ல வழியில்லை. படுத்திருப்பவரோ இதத்தில் கண்ணயர்ந்துவிடுகிறார். கீழே என்ன நடக்கிறது என்பது அவர் எழுந்த பிறகுதான் தெரியவரும்.

கண்ணயராமல் விழித்திருந்தாலும் சூடு தெரியாதவர்கள் நம்மிடையே மிகப் பலர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு நோயாளிகள் என்று மதிப்பிட்டது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்து நரம்புகள் பழுதுபட்டவர், செருப்பு கழன்று விழுந்ததைக்கூட உணராமல் நடந்துபோவார். அவருடைய உள்ளங்காலில் 55 டிகிரிக் கல்லை வைத்துவிட்டு, "சூடு போதுமாங்க, ஐயா?" என்று கேட்டால், போதும் என்றோ, இன்னும் கொஞ்சம் வைக்கலாம் என்றோதான் சொல்வார். அப்படி வந்த கொப்புளம் உடைந்து, ஆறாத புண்ணாகி, மாதக் கணக்கில் கட்டுப்போட்டு நடக்கும் ஒருவரை நான் அண்மையில் பார்த்தேன். சர்க்கரை நோய் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் புண் வந்திராது. இதை எண்ணும்போதெல்லாம் மனம் ஆறவில்லை.

சர்க்கரை நோயாளிகளைத் தவிர, காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள், இதய நோயும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், காய்ச்சலோடு இருப்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோர் தம் மருத்துவரைக் கேட்காமல் இதற்குப் போகக் கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் சூடான கல்லை வைத்துக்கொள்ளவே கூடாது. நெடுந்தூரப் பயணம் செய்து வந்தவருக்கு ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால், அது வெறும் அசதிதானா, இரத்தக் கட்டியா என்று தெரியாமல் அதைப் பிடித்துவிடுவதே ஆபத்து. அங்கே கல்லுக்கு வேலையில்லை, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மசாஜ் முடிந்தவுடன் இரத்த அழுத்தம் சற்று இறங்கித் தலை சுற்றக்கூடும் என்பதால், கட்டிலின் ஓரத்தில் சிறிது நேரம் அமர்ந்து எழுவது நல்லது. விடுதியைக் காலி செய்யும் நாளில் மசாஜ் முடித்துக்கொண்டு, அந்த மயக்கத்தோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தாமே காரோட்டி இறங்குபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அன்றைக்கு வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விடுதிக்குப் போய்ப் பணம் செலவழிக்க இயலாதவர்கள், நமக்கு இது வாய்க்கவில்லையே என்று எண்ண வேண்டியதில்லை. சித்த மருத்துவம் வகுத்துள்ள முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் ஒற்றடமும், உடம்பைப் பிடித்துவிடும் முறையான தொக்கணமும் இடம்பெற்றுள்ளன. தட்டல், இறுக்கல், பிடித்தல் எனத் தொடங்கித் தொக்கணத்தில் மட்டும் ஒன்பது வகைகள் உண்டு. கல் உப்பையோ தவிட்டையோ வறுத்து, பருத்தித் துணியில் முடிந்து, முதலில் தம் முழங்கையின் உட்புறத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, பிறகு இறுகிய தோளில் எடுத்தெடுத்து ஒற்றும் பாட்டிமார் செய்வதும், சூட்டை அளந்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் கொடுக்கும் அதே சிகிச்சைதான். உள்ளங்கையை விட்டுவிட்டு முழங்கையின் உட்புறத்தில் ஒற்றிப் பார்க்கும் அந்த வழக்கத்தில் நல்ல அறிவு இருக்கிறது, அங்கே தோல் மென்மையானது. ஆனால் உப்பு ஒற்றடத்திலும் தோல் வெந்துபோவதுண்டு. மேலே சொன்ன எச்சரிக்கைகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும்.

கற்களைக் கையாளும் பணியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளெல்லாம் வெந்நீரில் கை நனைந்து, எண்ணெயில் வழுக்கும் கனமான கல்லைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலியோடு என்னிடம் வரும் இளம்பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு மசாஜ்களுக்கு இடையே அவர்களுக்குப் போதிய ஓய்வு கொடுத்தால்தான், கற்களைச் சோப்பிட்டுக் கழுவி, கிருமிநாசினியில் துடைத்து, தொட்டித் தண்ணீரை மாற்றவும் அவர்களுக்கு நேரம் கிடைக்கும். ஒருவர் உடம்பில் பட்ட எண்ணெய்க் கல்லை அப்படியே தொட்டியில் போட்டு அடுத்தவருக்கு எடுப்பது தோல் நோயைப் பரப்பும் வழி.

ஆகவே விடுதி நடத்துவோரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வெப்பமானி இல்லாத தொட்டியை உடனே அகற்றுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம், உட்கொள்ளும் மாத்திரைகள், கால் மரத்துப்போதல் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுக் கேட்டு, விடை தெரிந்த பிறகே கல்லைக் கையில் எடுங்கள். சூடு பொறுக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், இரண்டாம் முறை கேட்காமல் கல்லை எடுத்துவிடும்படி பணியாளர்களைப் பழக்குங்கள். போகிறவர்களும் வெட்கப்படாமல் தொட்டியின் வெப்பநிலையைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்; காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். தாங்கள் இந்தக் கேள்விகளை ஏற்காடு சுற்றுலாச் செய்திகளுடன் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டால், மலைக்குப் புறப்படும் முன்பே பலர் அவற்றைப் படித்துக்கொள்வார்கள். அதற்குத் தேவையான விவரங்களைத் தொகுத்துத் தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.