கொம்பில்லாத ரவுட்டர்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் துண்டு துண்டாகி, கடைசியில் லைனே போய்விட்டது. பத்து நிமிஷம் கழித்து, "அப்பா, நல்ல ரவுட்டர் ஒன்று சொல்லுங்க" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். இதைப் போனில் சொன்னால் மறுபடி பாதியில் அறுந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, கேபிள் போட்டு ரவுட்டரோடு இணை. ஒரு விண்டோவில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் ஓடட்டும் (பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் கட்டளை அது), பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும். இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு ஓடட்டும். முதலாவதிலேயே பதில் தவறினால் கோளாறு வீட்டுக்குள். இரண்டாவதில் மட்டும் தவறினால் வெளியே போகும் லைனைச் சந்தேகப்பட வேண்டும். கேபிளில் இரண்டும் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி வைஃபை.

நான் இதைச் செய்யாமல் ஒருமுறை புது ரவுட்டர் வாங்கியவன். வேகம் 100 எம்பிபிஎஸ்ஸை (நொடிக்கு இத்தனை மெகாபிட்) தாண்டவே இல்லை, பழையது போலவே. கடைசியில் பார்த்தால், கதவிடுக்கில் நசுங்கிய கேபிள். உள்ளே நாலு ஜோடிக் கம்பி உண்டு. கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நாலும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்ததும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கியிருக்கிறது. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். கேபிள் மாற்றுவதானால் முழுச் செம்பில் செய்த கேட் 5இ ரகக் கேபிள் போதும். 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். அலுமினியத்தில் செம்புப் பூச்சு பூசியது வேண்டாம்.

சரி, ரவுட்டருக்கு வருவோம். கொம்பு முளைத்த, அதாவது வைஃபை ஆன்டெனா வைத்த ரவுட்டர் உனக்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி. 2019இல் வைஃபை 6, 2024இல் வைஃபை 7 என்று வைஃபை பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பும் ரவுட்டர் வேலை அப்படி மாறுவதில்லை. கேபிள் மட்டும் போடும் ரவுட்டர் தனியாக, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் என்ற பெட்டி தனியாக வைத்துக்கொண்டால், பழசாகிப்போனதை மட்டும் மாற்றலாம்.

அட்டைப்பெட்டியில் கிகாபிட் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. அது போர்ட்டின் வேகம். ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒட்டிவரும் முகவரி முதலான தலைப்புத் தகவல்களெல்லாம் போக, கிகாபிட் போர்ட்டில் கைக்கு வருவதே சுமார் 940 எம்பிபிஎஸ்தான். அதுவும் உள்ளே இருக்கும் சிப் குறுக்குவழியில் பாக்கெட்டுகளைத் தள்ளிவிடும்வரை. டிராஃபிக்கை வரிசைப்படுத்தும் வசதியைப் போட்டதும் பல மலிவு ரவுட்டர்களில் அந்தக் குறுக்குவழி அடைபட்டு, எல்லாச் சுமையும் சின்ன பிராசஸர் தலையில் விழும். அந்த வசதியோடு எவ்வளவு வேகம் வருகிறது என்று தேடிப் பார்.

உனக்கு அந்த வசதி அவசியம் வேண்டும் என்று நினைக்கிறேன். நேற்று நீ பேசும்போது போனிலிருந்த படங்களெல்லாம் பேக்கப்புக்கு ஏறிக்கொண்டிருந்தனவா? அப்லோடு லைன் நிரம்பினால், மோடத்திலோ ரவுட்டரிலோ நீள வரிசை சேர்ந்துவிடும். உன் குரல் அந்த வரிசையின் வாலில் நிற்கும். டிராஃபிக்கை வரிசைப்படுத்தும் அந்த வசதி, எஸ்க்யூஎம் என்பார்கள், இதற்குத்தான். வேகத்தை உன் லைனின் உண்மை வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, 100 என்றால் 90, 95 என்று வைத்தால், வரிசை ரவுட்டரின் கைக்குள்ளேயே நிற்கும். குரலைக் காக்கவைக்காமல் அனுப்பிவிடும்.

இதற்குச் சமமாக நான் பார்ப்பது ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளின் அப்டேட். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களுக்குள்ளும் சேமிப்புப் பெட்டிகளுக்குள்ளும் புகுந்திருந்தது. ரவுட்டரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. வாங்கப்போகும் மாடலின் பக்கத்தில் கடைசி அப்டேட்டின் தேதியைப் பார். இரண்டு வருஷம் பழசு என்றால் தொடாதே. 2004இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள். கம்பெனி கைவிட்டாலும் பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டர் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் மெனு ஒரு காடு. உனக்கிருக்கும் பொறுமைக்கு வேண்டாம்.

உலோகப் பெட்டியாக, ஃபேன் இல்லாததாக, ஐந்து கிகாபிட் போர்ட்டோடு இருந்தால் போதும். அலமாரிக்குள் பூட்டி வைக்காதே, சூடு அதற்குக் கெடுதல். அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படு. மாற்றும்போது வோல்ட்டும் பின்னின் துருவமும் அச்சு அசலாக அதுவே இருக்க வேண்டும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. மோடமும் ரவுட்டர் வேலை பார்த்தால் அதை பிரிட்ஜ் மோடில் (லைனை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் முறை) போடச் சொல்.

பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதில் டிஎச்சிபியை (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதற்கு வேறொரு முகவரி கொடுத்து, புது ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் சொருகினால் அதுவே ஆக்சஸ் பாயிண்ட்.

இன்று ராத்திரி பிங்கை ஓடவிட்டு, இரண்டு விண்டோவையும் படம் பிடித்து அனுப்பு. பேக்கப்பை நிறுத்திவிட்டுக் கூப்பிடு; அம்மா காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா