அந்தப் படத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய மர அச்சுக் கலைஞர் கவாசே ஹசூயி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ பற்றியெரிந்து, வரைந்து வைத்திருந்த குறிப்பேடுகளும் போய்விட, மனிதர் அப்புறம் நூறு நாளுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றி வரைந்ததை நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் 'தன் கையாலேயே பலகை செதுக்கி அச்சிட்டார்' என்ற வரி இடிக்கிறது. 34 வருடம் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவன் நான். அதனால்தான் இந்த வம்பு.

ஹசூயி வரைந்து கொடுத்தார். செதுக்கியது வேறொருவர், அச்சிட்டது மற்றொருவர். ஆள் சேர்த்துப் பணம் போட்டவர் பதிப்பாளர் வதனாபே ஷோசபுரோ.

1925இல் வந்த 'ஷிபாவின் சோஜோஜி' படத்தையே பாருங்கள். சோஜோஜி டோக்கியோவில் உள்ள ஒரு பௌத்தக் கோயில். சிவப்பு வாசல், சாய்வாக அடிக்கும் பனி, குடையைத் தாழ்த்திக்கொண்டு நடக்கும் ஒரு பெண். பனியின் வெள்ளை பெரும்பாலும் நிறம் படாத வெறும் காகிதம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை; அப்படியென்றால் சிவப்புக்கான பலகையில் ஒவ்வொரு பனித்துணுக்கையும் ஒருவர் உட்கார்ந்து தோண்டி எடுத்திருக்கிறார்.

அச்சிடுபவர் பாடு இன்னும் மோசம். நாலு கலருக்கே ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) உட்காரவில்லை என்று நாங்கள் மெஷினை நிறுத்தித் தாள் தாளாக வீணடிப்போம். அவருக்கு இருந்ததெல்லாம் பலகை மூலையில் 'ட' போல வெட்டிய ஒரு பள்ளம், சற்றுத் தள்ளி ஒரு நேர்க்கோட்டுப் பள்ளம். கென்தோ என்பார்கள். ஈரக் காகிதத்தின் ஓரத்தை அதில் பொருத்தி, மூங்கில் மடல் சுற்றிய பரேன் என்ற கைத்தேய்ப்பானால் காகிதத்தின் முதுகில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் இதே கதை. காகிதம் நடுவில் காய்ந்தால் சுருங்கும், போச்சு.

தானே செதுக்கியவர்களும் ஜப்பானில் உண்டு. முனகதா ஷிகோ, பார்வை மங்கல் என்பதால் பலகையில் மூக்கு இடிக்கக் குனிந்து செதுக்கியவர். கட்டுரையாளர் இந்த இரண்டு வழிகளையும் குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன். 1953இல் ஹசூயியை வைத்து சோஜோஜியின் பனியை மறுபடி ஓர் அச்சாகச் செய்து, மரபுக் கலையைக் காப்பதற்காகப் படிப்படியாகப் பதிவு செய்தார்கள். அதிலும் செதுக்கு வேலை, அச்சு வேலை எல்லாம் தனித்தனி ஆட்கள்தான்.

திருத்தத்துக்கு ஓரத்தில் நாலு வரி போதும். படத்தையும் மறுபடி போடுவதானால் சிவப்பு தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஞாயிறன்று வந்ததில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு குடை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெஷின்மேன் ஒருவர்