கல்வித் தொலைக்காட்சிக்கு குலசேகரத்திலிருந்து ஒரு மடல்

கல்வித் தொலைக்காட்சி நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

2019-இல் நீங்கள் ஒளிபரப்பைத் தொடங்கினீர்கள். மறு ஆண்டே கொரோனா வந்து பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, பிள்ளைகளுக்கு டிவி வழியாகப் பாடம் வந்தது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. இப்போது நான் கேட்பது பாடம் இல்லை.

ஜெர்மனியில் 1971 முதல் ஓடிக்கொண்டிருக்கும் சிறுவர் நிகழ்ச்சி ஒன்று உண்டு: 'டி செண்டுங் மிட் டெர் மௌஸ்'. ஆரஞ்சு நிற எலிதான் நாயகன். வாயே திறக்காது. இடையிடையே குட்டிக் கதைகள். அவற்றோடு, ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்று பொறுமையாகக் காட்டும் குறும்படம். பற்பசையில் வண்ணக் கோடு எப்படி வருகிறது என்பதைக்கூடக் காட்டியிருக்கிறார்கள். கரும்பலகை இல்லை, மதிப்பெண் இல்லை. அதனால்தானோ என்னவோ, பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அப்படி ஒன்றைத் தமிழில் எடுங்கள். முதல் படப்பிடிப்பைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வையுங்கள்.

ரப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறையும் என்பதால், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால் வெட்டப் போகிறார்கள். பட்டையில் சாய்வாக ஒரு கீறல். ஆழம் கொஞ்சம் கூடினாலும் மரத்துக்குக் காயம். சிரட்டையில் சொட்டிய பாலை வடிகட்டி, தண்ணீரும் ஆசிடும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். உருளையில் கொடுத்தால் ஷீட். புகை போட்டதும் வெள்ளை ஷீட் தேன் நிறமாகும். வெட்டில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை உரித்து இழுப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ருசியை எந்தக் கார்ட்டூனும் தராது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளிலேயே ரப்பர் மரத்தைத் தினமும் பார்த்தும் புகைக்கூட்டுக்குள் எட்டிப் பார்க்காதவர்கள் நிறைய.

அதே தோட்டத்தில்தான் தேன்பெட்டிகளும். ரப்பர்த் தேன் பூவில் ஊறுவதில்லை, தளிரிலையின் காம்பு நுனியில் ஊறுகிறது! 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனின் கதை அங்கே தொடங்குகிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஆற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில் தண்ணீர் ஓடுவது இன்னொரு வாரத்துக்கு.

எலி நிகழ்ச்சியில் தொடக்க அறிவிப்பு முதலில் ஜெர்மனில் வரும், பிறகு வேறொரு மொழியில். வாராவாரம் அந்த மொழி மாறும். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழுக்கு அடுத்து அவர்கள் பேச்சிலும் இரண்டு வரி வரட்டும். செலவில்லாத காரியம்.

தொகுப்பாளரைக் கூட்டிவந்து "குட்டீஸ்!" என்று கத்த வைத்துவிடாதீர்கள். வெட்டுகிறவரே பேசட்டும், எங்கள் தமிழிலேயே. கத்தி படும் சத்தத்தின்மேல் பாட்டு வேண்டாம்.

தேன் எடுப்பதைப் பிடிக்க பிப்ரவரியில் வாருங்கள். பால் வெட்டுக்கு வருவதானால் மழை இல்லாத நாளாகப் பார்த்து, முந்தின ராத்திரியே ஊருக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயி ஒருவர்