சதுரங்கப் பயிற்சியும் வீட்டுக் கைபேசியும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நடந்து முடிந்துள்ளன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் தேர்ச்சி மனநிறைவு தருகிறது. பின்தங்கிய பாடங்களுக்கு மாலை வகுப்புகள் தொடங்கிவிட்டன. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் கபடி அணியும் கோ-கோ அணியும் பரிசு பெற்றன. அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடைபெற்றது. பங்கேற்ற மாணவர்களுக்கும் துணைநின்ற ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். நம் சதுரங்க மன்றமும் இப்பருவத்தில் நன்கு வளர்ந்துள்ளது. அதைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. பொறுமையுடன் முழுவதையும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய குதிரையான 'தம்பி'யை நம் பிள்ளைகள் பார்க்குமிடமெல்லாம் பார்த்தார்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் தமது 18-ஆம் வயதில் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியன் ஆனதும், மன்றத்தில் சேரக் கேட்டு வந்த பிள்ளைகளுக்குப் பலகைகள் போதவில்லை. அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்வோரின் பிள்ளைகளும், ஏற்காட்டிலிருந்து காலைப் பேருந்தில் இறங்கி வரும் பிள்ளைகளும் ஒரே பலகையின் இருபுறமும் அமர்ந்து ஆடுவதைப் பார்ப்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இந்த வளர்ச்சியில் கணினி மென்பொருளுக்கும் காணொளிப் பாடங்களுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை முதலில் மனமாரச் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைமுறைக்கு முன் சேலத்தில் ஒரு பிள்ளை நன்றாக ஆட விரும்பினால், சென்னையிலிருந்து யாராவது புத்தகம் வாங்கி வர வேண்டும். தோற்ற ஆட்டத்தில் தவறு எங்கே நேர்ந்தது என்று சொல்ல ஊரில் ஆள் கிடைப்பது அரிது. இன்று, எந்த நிலையிலும் சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரல்களான சதுரங்க எஞ்சின்களில் உலகின் மிக வலிமையானவற்றுள் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகவே கிடைக்கிறது. 1997-இல் அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ ஒரு பெரிய நிறுவனம் அதற்கென்றே கட்டிய இயந்திரம். அதைவிடப் பன்மடங்கு ஆற்றலுள்ள நிரல் இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைபேசியில் ஓடுகிறது. 2010-இல் தொடங்கப்பட்ட லிசெஸ் என்ற சதுரங்க இணையத் தளம் விளம்பரமோ கட்டணமோ இல்லாமல் புதிர்களையும் ஆட்டப் பகுப்பாய்வையும் வழங்குகிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கும் இவை எட்டுகின்றன என்பது சிறிய செய்தியன்று. ஆகவே இந்தக் கடிதத்தை மென்பொருளுக்கு எதிரான கடிதமாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, கவலை தரும் செய்திக்கு வருகிறேன். தேர்வு நாட்களில் கூடம் தேர்வறையாக இருந்ததால், பள்ளி அணிக்கான தேர்வு ஆட்டங்களைச் சனிக்கிழமைகளில் மாணவர்கள் வீட்டிலிருந்தே இணையவழியில் ஆடினார்கள். அந்த ஆட்டங்களை மன்றப் பொறுப்பாசிரியரும் நானும் பின்னர் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் வயதுக்கும் பயிற்சிக்கும் ஏற்பவே ஆடியிருந்தார்கள். குதிரையைக் கவனியாமல் ராணியை இழந்தார்கள், வெல்ல வேண்டிய ஆட்டத்தைச் சமன் செய்தார்கள். அவற்றில் குறை ஒன்றுமில்லை. ஆனால் சில ஆட்டங்கள் வேறு மாதிரி இருந்தன. எதிராளி ராணியை வெட்டினால் உடனே திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத இடத்திலும், தேர்ந்த ஆட்டக்காரரே நெடுநேரம் யோசிக்கக்கூடிய சிக்கலான இடத்திலும், அப்பிள்ளை எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தானே யோசித்து ஆடும் எவருடைய கடிகாரமும் அப்படி ஓடாது. பக்கத்தில் இன்னொரு கைபேசியில் அதே நிலையை அமைத்து, எஞ்சின் சொன்ன காயை நகர்த்தினால் மட்டுமே அப்படி ஓடும்.

அப்படி ஆடியவர்களில் ஒரு மாணவரைப் பொறுப்பாசிரியர் பலகையின் முன் அமர்த்தி, அதே நிலையை வைத்து, "இந்த யானையை ஏன் இங்கே கொண்டு வந்தாய்?" என்று அன்பாகவே கேட்டார். பிள்ளை வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுதான் நல்ல மூவ்னு காட்டுச்சுங்க சார்" என்றது. அதை ஒளிக்கக்கூட அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. தவறு என்று வீட்டில் யாரும் சொல்லாததே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன். அப்பிள்ளையின் பெயரையோ வகுப்பையோ எவரும் விசாரிக்க வேண்டாம். அது எங்களுக்குள் முடிந்துவிட்டது.

சில வீடுகளில் இது பிள்ளை மட்டும் செய்த காரியமும் அல்ல. அருகில் அமர்ந்திருந்த பெரியவரே கைபேசியைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு பெற்றோர் என்னிடம் மனம் திறந்து, "எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க, எங்க பிள்ளை மட்டும் தோக்கணுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள பாசத்தை நான் உணர்கிறேன். எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மையல்ல என்பதை நாங்கள் பார்த்த ஆட்டங்களை வைத்தே உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு பிள்ளை தோற்கலாம். தோற்ற ஆட்டத்தைத்தான் மறுநாள் எடுத்துவைத்துப் பாடம் நடத்த முடியும். எஞ்சின் வென்று கொடுத்த ஆட்டத்தில் நாங்கள் எதைச் சொல்லிக் கொடுப்பது?

இதில் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியுள்ளது, பொறுத்தருள வேண்டுகிறேன். ஆட்டம் நடக்கும்போது எஞ்சினின் துணையையோ வேறொருவர் துணையையோ பெறுவது ஏமாற்று. வயது சிறியது, பள்ளிக்குள் நடக்கும் ஆட்டம்தானே என்பதால் அதன் பெயர் மாறிவிடாது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி, ஆடுமிடத்தில் அனுமதியின்றி வீரரிடம் கைபேசி இருப்பது தெரியவந்தாலே அவர் அந்த ஆட்டத்தில் தோற்றவராவார். அதைப் பயன்படுத்தினாரா என்ற கேள்விக்கே இடமில்லை. இணையத் தளங்களும் இத்தகைய கணக்குகளைக் கண்டறிந்து மூடிவிடுகின்றன. எனவே வீட்டிலிருந்து ஆடிய தேர்வு ஆட்டங்களின் முடிவுகள் அனைத்தும் கைவிடப்படுகின்றன. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரும் சனிக்கிழமைகளில் பள்ளியின் கூடத்தில், பலகையில், கடிகாரம் வைத்து, ஒவ்வொரு நகர்த்தலையும் மாணவர் தம் கையால் குறித்துக்கொண்டு ஆடும் ஆட்டங்களின் அடிப்படையிலேயே அணி தேர்ந்தெடுக்கப்படும். கூடத்திற்குள் மாணவர், பெற்றோர் எவருடைய கைபேசிக்கும் அனுமதி இல்லை. இனியும் இவ்வாறு நடந்தால் அந்த மாணவர் அந்தக் கல்வியாண்டு முழுவதும் பள்ளி அணியில் இடம்பெற மாட்டார். இதில் பரிந்துரைக்கு இடமில்லை. ஏற்காட்டிலிருந்து வரும் பிள்ளைகள் நடு ஆட்டத்தில் சிக்னல் போய், கடிகாரம் ஓடித் தோற்றுக்கொண்டிருந்ததும் இந்த ஏற்பாட்டால் நிற்கும்.

இந்தப் பழக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு நேர்மை மட்டுமே காரணமன்று. பிள்ளை கற்பதே இதனால் நின்றுபோகிறது. எஞ்சின் ஒரு நிலையைப் பார்த்து, வெள்ளைக்கு ஏறக்குறைய ஒரு சிப்பாயளவு மேன்மை என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. ஏன் என்று அது சொல்வதில்லை. அது பரிந்துரைக்கும் நகர்த்தல் பல வேளைகளில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களுக்குப் பின் வரும் ஒரு நுட்பத்தை நம்பியே சரியாக இருக்கும். அந்த நுட்பத்தைக் காண முடியாத பிள்ளைக்கு முதல் நகர்த்தலை மட்டும் கொடுப்பதால், அடுத்த நகர்த்தலிலேயே வழி தவறிவிடுகிறது. கணக்குப் போடாமல் கைடின் கடைசிப் பக்கத்திலுள்ள விடையை எழுதுகிற பிள்ளையைப் பற்றி உங்களிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், இதுவும் அதுவேதான். குகேஷ் சதுரங்கத்தின் உயரிய பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறும்வரை எஞ்சினைப் பயன்படுத்தாமலேயே பயிற்சி பெற்றார் என்பதை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவே சொல்லியிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் சொந்த யோசனை முதலில், எஞ்சின் அதன் பிறகு என்ற வரிசையை மட்டும் வீட்டில் காப்பாற்றிக் கொடுங்கள்.

அது எப்படி என்று கேட்கும் பெற்றோருக்கு, நம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் ஆட்டக் குறிப்பேட்டைக் காட்ட விரும்புகிறேன். தோற்ற ஒரு ஆட்டத்தின் பதினேழாவது நகர்த்தலுக்கு நேரே அவர் பென்சிலில் எழுதியிருந்தது: "மந்திரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், குதிரை வருமென்று நினைக்கவில்லை." அதன் பிறகே எஞ்சினைத் திறந்து பார்த்து, "பதினைந்தாவதிலேயே தவறு" என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். எஞ்சினை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எழுதிவிட முடியாது. அவருடைய பெற்றோருக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது. குறிப்பேடு எழுதிய பிறகுதான் கைபேசி என்ற ஒன்றை மட்டும் அவர்கள் விடாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

காணொளிப் பாடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீட்டுப் பணத்தை எடுத்து ஆண்டுச் சந்தா கட்டிய குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அந்த வீட்டுப் பிள்ளை ஒரு தொடக்க முறையின் முதல் பன்னிரண்டு நகர்த்தல்களைத் தயங்காமல் ஆடுகிறது. எதிரே அமர்ந்தவர் ஏழாவதில் ஓரத்துச் சிப்பாயை ஓரடி தள்ளினால், காணொளியில் அது இல்லாததால் திகைத்து நின்றுவிடுகிறது. நல்ல ஆசிரியர் விளக்கும்போது கேட்பவருக்கு எல்லாம் புரிந்ததாகவே தோன்றும். பலகையின் முன் தனியே அமரும்போதுதான் புரிந்தது எவ்வளவு என்று தெரியும். ஆகவே பாடம் பார்க்கும்போது அருகில் உண்மையான பலகையை வைக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் அடுத்த நகர்த்தலைச் சொல்வதற்கு முன் காணொளியை நிறுத்திவிட்டு, தான் என்ன ஆடுவேன் என்பதைப் பிள்ளை எழுதட்டும். சில நாட்கள் கழித்து அதே நிலையைப் பார்க்காமல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிர்களிலும் எண்ணிக்கை பெரிதன்று. முழு வரிசையையும் மனத்தில் கண்ட பிறகே காயைத் தொடுவதும், தவறியவற்றை மீண்டும் போடுவதும்தான் பயன் தரும். ஆண்டுச் சந்தா எதையும் பள்ளி கேட்கவுமில்லை, பரிந்துரைக்கவுமில்லை.

செயலி காட்டும் ரேட்டிங்கை, அதாவது ஆட்டத் திறனைக் குறிக்கும் எண்ணை, ஃபிடே ரேட்டிங்குடன் ஒப்பிட்டுப் பேசுவதையும் தவிர்க்கலாம். லிசெஸ்ஸில் புதுக் கணக்கு தொடங்கும் எவருக்கும் முதலில் காட்டப்படும் எண் 1500. அதை வைத்துப் பிள்ளையைப் புகழவும் வேண்டாம், குறைந்தால் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அந்த எண்ணை ஏற்றும் ஆசையில்தான் பிள்ளைகள் இரவு வெகுநேரம் ஒரு நிமிட ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆடிவிட்டு, காலை முதல் பாடவேளையில் கண் சொருகி அமர்ந்திருக்கிறார்கள். யோசிக்க நேரமில்லாத அந்த ஆட்டங்களில் பழைய தவறுகளே மேலும் பழகிப்போகின்றன. இரவு எட்டரைக்கு மேல் சதுரங்கத்தின் பெயரால் கைபேசி கையில் இருக்க வேண்டாம் என்பது என் பணிவான வேண்டுகோள். பிள்ளையின் கணக்கில், அயலார் செய்தி அனுப்ப முடியாதபடி செய்யும் சிறுவர் முறையையும் இயக்கிவிடுங்கள். கிராண்ட்மாஸ்டர் வைஷாலி சிறுமியாக இருந்தபோது, தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் பெற்றோர் அவரைச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அதைப் பார்த்தே தம்பி பிரக்ஞானந்தாவும் ஆடத் தொடங்கினார். திரையிலிருந்து விலக்க உதவிய விளையாட்டு, நம் வீடுகளில் பிள்ளையைத் திரையிலேயே கட்டிப்போடக் காரணமாகிவிடக் கூடாது.

இவ்வளவும் எழுதும்போது, இந்த மன்றத்தைத் தூக்கி நிறுத்தியவர்களும் நீங்களே என்பதை நான் மறக்கவில்லை. பழைய பலகைகளுக்குப் பதில் புதியவற்றை வாங்கித் தந்தவர்கள், கடிகாரங்களைப் பழுது பார்த்துக் கொடுத்தவர், தறி வேலையை நிறுத்திவிட்டுச் சனிக்கிழமை காலையில் வாசலில் காத்திருக்கும் தந்தையர், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சுண்டல் கொண்டுவரும் தாய்மார்கள் ஆகிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நடந்ததை ஒளிக்காமல் வந்து சொன்ன பெற்றோர்களுக்குச் சிறப்பாக நன்றி சொல்கிறேன். அவர்கள் மீதோ அவர்கள் பிள்ளைகள் மீதோ எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. புதிய தேர்வு ஆட்டங்களில் அப்பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே முதல் சுற்றிலிருந்து ஆடுவார்கள்.

இக்கடிதத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, பொங்கல் விடுமுறைக்கு முன் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பலகை இல்லாத மாணவர்கள் மன்றத்திலிருந்து விடுமுறைக்கு ஒன்றை எடுத்துச் செல்லலாம். பொறுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்தால் போதும்.

அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்,
சேலம்.