பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

போன் செய்தால் ‘கிளாஸில் இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வரவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தல்லாகுளம் அத்தை பேத்திக்குக் காது குத்து வைத்திருக்கிறார்கள். தெருமுனையில் எதிர்வீட்டுப் பையனுக்கு வாழ்த்து ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். எதற்கென்று நான் போய்க் கேட்கவில்லை.

படிப்பு எப்படிப் போகிறது? மேலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறவளுக்கு சி.ஏ. இன்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பாய். மறதி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும், பாப்பா. பி.எட்.டில் எபிங்ஹாஸ் என்று ஒருவரைப் படித்தோம். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885இல் புத்தகம் போட்டவர். படித்த முதல் நாளே பெரும்பகுதி போய்விடுகிறது. மறுநாள் ஒரு தடவை, சில நாள் விட்டு ஒரு தடவை, அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தடவை என்று தொட்டால்தான் நிற்கும். அதுவும் திரும்ப வாசிப்பது இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும்.

பத்தாவது படிக்கும்போதே அப்பா கடைச் சிட்டையில் கூட்டல் தப்பைப் பிடித்தவள் நீ. ஆடிட்டரே அசந்துபோனார். அந்தப் பிள்ளையா புத்தகம் முழுக்க மஞ்சள் கலர் பூசி வைத்திருக்கிறது? தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன், கோடு போடாத வரியே இல்லை. விடையைப் பார்த்துக்கொண்டே கணக்கைப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடிவிட்டு எழுது.

ஏ.எஸ். 2 என்கிற கணக்கியல் தரநிலையில், சரக்கிருப்பின் அடக்கவிலையில் சேர்க்கக் கூடாதவை மனதில் நிற்கவில்லை என்றாயே, ஒவ்வொன்றையும் நம் மதுரை மாசி வீதிகளில் வைத்து நினைத்துப் பார். தேர் போகிற வரிசையிலேயே போ. கீழமாசி வீதி மண்டியில் குடோன் வாடகை. தெற்கில் அளவுக்கு மீறி வீணாய்ப்போன சரக்கு. மேலமாசி வீதியில் ஆபீஸ் நிர்வாகச் செலவு. வடக்கில் விற்பனை, விநியோகச் செலவு. உற்பத்தியின் நடுவிலேயே இருப்பு வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் மட்டும் குடோன் செலவு உள்ளே வரும். அதை மண்டி வாசலிலேயே ஒரு மூட்டையாகப் போட்டுக்கொள். நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரு மறக்காது.

தினமும் ஒரே பாடத்துக் கணக்காகப் போடாதே. பங்குத் திரும்ப வாங்கல் ஒன்று, ரொக்க ஓட்டம் ஒன்று, கிளைக் கணக்கு ஒன்று என்று கலந்து போடு. பரீட்சையில் எந்தப் பாடத்துக் கணக்கு என்று யாரும் சொல்லித் தரப் போவதில்லை. தப்பான கணக்குக்குத் தனி நோட்டு வை. ராத்திரி முழித்துப் படிக்காதே, தூங்கும்போதுதான் படித்தது மனதில் தங்கும். சாப்பிடுகிறாயா?

ஒவ்வொரு தாளிலும் 40 வந்தும், மூன்று தாள் சேர்ந்த குரூப்பில் மொத்தம் 150 வராமல் போகிற பிள்ளைகள் நிறையப் பேராமே. அதில் ஒரு தாளில் 60 வந்திருந்தால் அடுத்த மூன்று தடவைக்கு அந்தத் தாளை எழுத வேண்டாமாம். சும்மா இன்ஸ்டிடியூட் விதியைப் படித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் பட்டது. அவசரப்பட்டு யாரும் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை. அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க உனக்கு எப்படி மனது வருகிறது என்றுதான் தெரியவில்லை. சரி, விடு.

காது குத்துக்கு வந்துவிடு. பாண்டியனில் டிக்கெட் கிடைக்காவிட்டால் வைகையில் ஏறு, எத்தனை மணியானாலும் அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். வரும்போது அந்தத் தப்புக் கணக்கு நோட்டைக் கொண்டு வா. இன்னும் போடவில்லை என்றால் வெறும் நோட்டாவது கொண்டு வா, இங்கே உட்கார்ந்து போடலாம்.

அம்மா