செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24: முதல் ஸ்பீக்கரைத் தம் கையால் செய்தவர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுப் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான சங்கப் பணிகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். நிர்வாகக் குழுவில் மாற்றம் இல்லை. ஆகவே, புதிய உறுப்பினர்கள் வீட்டுக்கான ஹைஃபை ஸ்பீக்கரைத் தாமே செய்யக் கற்றுக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளைப் பற்றியே இவ்வறிக்கையில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

புதியவர்களில் பலர் வடசென்னையின் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பகுதி இளைஞர்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் சவுண்டு சர்வீஸ்காரர்கள் அடுக்கும் பெரிய பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால், பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக் கையில் கிடைத்த பெட்டியில் பொருத்தினால் வீட்டிலும் அதே முழக்கம் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு வந்தார்கள். தெருவுக்கான ஸ்பீக்கர் குறைந்த மின்திறனில் நெடுந்தூரம் கேட்பதற்காகச் செய்யப்படுவது. ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 95 டெசிபலுக்கு மேல் தருபவை அவற்றில் உண்டு. வீட்டு ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஸ்பீக்கர்) பெரும்பாலும் 84 முதல் 90 டெசிபலுக்குள் நின்றுவிடும். அதற்கு ஈடாகச் சிறிய பெட்டிக்குள் இருந்தபடியே மிருதங்கத்தின் தொப்பியை அதன் கனம் குறையாமல் கொடுக்கும். உரத்த ஓசை, சிறிய பெட்டி, ஆழமான பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது என்று இவ்வாண்டு முடிவு செய்தோம். அதன் பிறகு ஏமாற்றத்தோடு விலகுவோர் குறைந்தனர்.

மரத்தை அறுப்பதற்கு முன் கணக்குப் போட வேண்டும் என்பதே வகுப்பின் அடிப்படை விதி. ஊஃபரின் இயல்பைச் சில எண்களில் அடக்கி, அவற்றைக் கொண்டு பெட்டியின் கொள்ளளவைக் கணிக்கும் வழியை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் எழுதினார்; சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். ஊஃபரோடு வரும் விவரத்தாளில் எஃப்.எஸ். (கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண்), கியூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது என்பது), வி.ஏ.எஸ். (கூம்பின் தொங்கலுக்கு ஈடான மீள்தன்மையுள்ள காற்றின் கொள்ளளவு) என்று அச்சாகியிருப்பவை அந்த எண்களே. எஃப்.எஸ். 45 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 24 லிட்டர் உள்ள ஊஃபரை எடுத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்குள் வைத்தால் அந்தக் கியூ எண் உயரும்; அது சீராக ஒலிப்பதற்கான இலக்கு 0.707. இதை 0.4-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 2.12 வரும், 24-ஐ அதனால் வகுத்தால் 11.3 லிட்டர். உள்ளளவு 18 செ.மீ. அகலம், 22 செ.மீ. ஆழம், 29 செ.மீ. உயரம் என்று வைத்தால் ஏறத்தாழ அந்தக் கொள்ளளவு வந்துவிடும். ஊஃபரின் காந்தம் அடைக்கும் இடத்துக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தோடு கணக்கை விட்டுவிட்ட உறுப்பினர்கள்கூட இதைத் தாமே போட்டுப் பார்த்தார்கள். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும்போது, விவரத்தாள் இல்லாத ஊஃபரை விலை மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதும் இதனால்தான்.

துளையுள்ள பெட்டி இன்னும் தாழ்ந்த ஒலி வரை இறங்கும் என்பது உண்மையே. ஆயினும் முதல் முயற்சிக்கு மூடிய பெட்டியையே பரிந்துரைக்கிறோம். கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் மூடிய பெட்டி பொறுத்துக்கொள்ளும். காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஊஃபரின் கூம்பை விரல்களால் மெல்ல உள்ளே அழுத்திவிட்டால் போதும்: அது தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி சரி, சட்டென்று துள்ளினால் ஏதோ ஒரு மூலையில் பசை போதவில்லை.

பெட்டிக்கு எந்த மரம் என்ற நெடுநாள் விவாதத்தை மிக்ஜாம் புயல் முடித்துவைத்தது. 2023 டிசம்பர் மாத வெள்ளத்தில் வியாசர்பாடியில் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குள் தண்ணீர் நின்றபோது, அவருடைய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெட்டிகளின் அடிப்பலகை ரொட்டியைப் போல ஊதிப் பிளந்துவிட்டது. அருகிலேயே இருந்த, நீர் தாங்கும் தரத்து பிளைவுட் பெட்டிகளைக் காயவைத்து, மேற்பூச்சை மட்டும் புதுப்பித்தோம். எம்.டி.எஃப். அறுக்க எளிது, ஒரே சீராகவும் இருக்கும். இருந்தாலும் கடற்காற்று வீசும் காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளுக்கு 18 மி.மீ. பிளைவுட்தான் ஏற்றது என்பது இப்போது சங்கத்தின் நிலைப்பாடு. தச்சு வேலை அறிந்த மூத்த உறுப்பினர் ஒருவர் ஒவ்வொருவர் கையிலும் ரம்பத்தைக் கொடுத்து, பக்கத்தில் நின்று பழக்கினார். சங்கம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது.

தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டர் என்னும் சிறிய ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் சுற்றான கிராஸ்ஓவர் வகுப்புக்கு அதிக நேரம் தேவைப்பட்டது. 8 ஓம் ட்வீட்டரை 3000 ஹெர்ட்ஸில் பிரிக்க 6.6 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போதும் என்று சூத்திரம் சொல்லும். ஆனால் 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. மல்டிமீட்டரை வைத்தாலே 6 ஓம் அளவில்தான் காட்டும். எனவே, வேறொருவர் அளந்து சரிபார்த்து வெளியிட்ட வடிவமைப்பை, அதே ஊஃபர், அதே ட்வீட்டருடன் மாற்றாமல் செய்வதே தொடக்கக்காரருக்கு நல்லது. கிராஸ்ஓவரின் கம்பிச் சுருள்களான காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் தள்ளி வைப்பதையும், 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு, கூம்பு வெளியே தள்ளும் பக்கத்தைப் பார்த்து ஊஃபரின் பிளஸ் முனையை அறிவதையும் எல்லோரும் செய்து பழகினர்.

வெளிநாட்டு வடிவமைப்புகளை அப்படியே செய்தவர்களின் வீட்டில் ஒரு சிக்கல் மீண்டும் மீண்டும் வந்ததால் அதைப் பதிவு செய்கிறேன். சுமார் 22 செ.மீ. அகலமுள்ள பெட்டியில், ஏறத்தாழ 530 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவுவதால், முன்னால் கேட்கும் பேஸ் படிப்படியாக 6 டெசிபல் வரை குறையும். ஸ்பீக்கர் சுவரிலிருந்து நன்கு தள்ளி நிற்கும் என்று வைத்துக்கொண்டு, பல வடிவமைப்பாளர்கள் அந்த இழப்பைக் கிராஸ்ஓவரிலேயே ஈடுகட்டிவிடுகிறார்கள். நம் வீடுகளில் எட்டுக்குப் பத்து அறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே, ஸ்பீக்கர் சுவர் அலமாரியில்தான் உட்காரும். அப்போது சுவரும் தன் பங்குக்குப் பேஸைக் கூட்ட, பாடகியின் குரல் கனத்து, வீணையின் மீட்டு மங்கிவிடுகிறது. கிராஸ்ஓவரில் அந்த ஈடுகட்டலைப் பாதியாகக் குறைத்தபோது குரல் தெளிந்ததை, பழைய வண்ணாரப்பேட்டை உறுப்பினர் ஒருவரின் வீட்டில் வகுப்பினர் அனைவரும் உட்கார்ந்து கேட்டோம். பல ஆண்டுகளாக இத்துறையில் இருக்கும் எனக்கும் அது பெரும் மகிழ்ச்சி தந்தது. நமது அறைகளுக்கென்றே ஒரு வடிவமைப்பைச் சங்கம் உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வலுப்பெற்றது.

அதற்கு அளவீடு வேண்டும். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அளவுதிருத்தம் செய்யப்பட்ட மைக் ஒன்றுதான் நம்மிடம் இல்லை. வரும் ஆண்டில் சங்கச் செலவில் அதை வாங்கி, நூலகப் புத்தகத்தைப் போல உறுப்பினர்கள் முறைவைத்து எடுத்துச் செல்லவும், சுவர் ஓரத்தில் வைப்பதற்கான 11 லிட்டர் மூடிய பெட்டி வடிவமைப்பு ஒன்றை அளந்து முடித்து, வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு வழங்கவும் நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு தீர்மானங்களையும் இவ்வறிக்கையையும் பேரவை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்